அப்பாவுக்குப் பாடாத பாட்டு

“பாட்டு இல்லியாம்மா?”

கேட்டவர் குழி வெட்டும் மாரியப்பா. தோளில் கயிறு, முழங்கால் வரை செம்மண். குழியின் குறுக்கே போட்ட இரண்டு கட்டைகளின் மேல் அப்பாவின் பெட்டியை வைத்தாயிற்று. சுற்றி அத்தனை பேர் நிற்கிறோம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மாரியப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். பெரிய மகள், விவரம் தெரிந்தவள் என்று நினைத்திருப்பார்.

“ஐயரு வரலியா? ஜெபம் பண்ணணும்ல?”

“வந்திருக்காரு” என்று பாஸ்டரைக் காட்டினேன். முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டு, கைகளை முன்னால் கட்டி, தலையைக் குனிந்து நின்றிருந்தார்.

“அப்புறம் ஏன் சும்மா நிக்கறாரு?”

அதைச் சொல்ல வேண்டுமானால் முந்நூறு நானூறு வருடத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாரியப்பாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை. மதியத்துக்குள் இன்னொரு குழி வெட்ட வேண்டியிருந்தது.

“அவங்க சபையில அப்படித்தான். நீங்க இறக்குங்க.”

“ஏனோப்பா…” என்று கன்னடத்தில் முனகிவிட்டுக் கயிற்றை உதறினார். “அநாதப் பொணம் வந்தாக்கூட யாராச்சும் ரெண்டு வார்த்தை சொல்லுவாங்கம்மா. யாரும் இல்லன்னா நானே சொல்லியிருக்கேன்.”

மெதுவாகத்தான் சொன்னார். அந்த அமைதியில் மெதுவாகச் சொன்னதுகூட எல்லோருக்கும் கேட்டது. என் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் கேட்டது.

மூன்று சரணம்

முன் வாரங்களில் இந்தப் பத்தியில் நீலசந்திராவில் இருந்த எங்கள் வீட்டைப் பற்றி எழுதியபோது அப்பாவை ஷிப்டுக்குப் போய்த் திரும்புகிற ஆளாக மட்டும் காட்டிவிட்டேன். ஞானமுத்து என்கிற என் அப்பாவுக்கு இன்னொரு பக்கம் இருந்தது.

தொழிற்சாலையில் டர்னர் வேலை. லேத் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. ஆனால் தாளம் மட்டும் விரலை விட்டுப் போகவில்லை. எங்கள் பழைய சபையில், கீர்த்தனை பாடுகிறவர்கள் உட்காரும் முன் பெஞ்சில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. காது மந்தம் என்பதால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவும் கொஞ்சம் முந்தியும் பாடுவார். ஆர்கன் வாசிக்கிறவர் பாவம், பின்னாலேயே ஓடி வருவார்.

அவருக்கென்று ஒரு கீர்த்தனை இருந்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், எனக்கு அது தாங்காது. வீட்டில் எது நடந்தாலும் அந்தப் பாட்டுதான். நான் பத்தாவது பாஸ் செய்தபோது, தம்பி எபிக்கு மஞ்சள் காமாலை இறங்கியபோது, ஷீட் கூரையை மாற்றித் தளம் போட்டபோது. அப்பா தொடையில் தட்டிக்கொண்டு ஆரம்பிப்பார். அம்மா அரிசி களைந்துகொண்டே இரண்டாவது வரியில் சேர்ந்துகொள்வாள். அம்மாவுக்குச் சுருதி நிற்கும், தாளம் நிற்காது. அப்பாவுக்கு நேர் எதிர். இரண்டும் சேர்ந்தால் ஒரு மாதிரி சரியாகிவிடும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூக்கில் இருந்த குழாயை ஒதுக்கிவிட்டு அம்மாவிடம் சொன்னார். “என்ன எடுக்கும்போது அத பாடிடுங்க கிரேஸு. மூணு சரணமும் பாடணும். அவசரத்துல ஒண்ண முழுங்கிடப் போறீங்க.”

அம்மா அவர் வாயைப் பொத்தினாள். நானும் எபியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றிருந்தோம். சாம்பாரில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லத் தெரியாத மனிதர், வாழ்நாளில் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

எபி சீர்திருத்தக்காரன் ஆன கதை

இதை எழுதப் போகிறேன் என்று போன வாரம் எபியிடம் சொன்னேன். “ஃபேக்ட்ஸ் கரெக்டா எழுதுக்கா” என்றான். அதுதான் என் தம்பி.

எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக வர மூன்று மணி நேரம் தினமும் சும்மா உட்கார வேண்டும். மற்றவர்கள் சினிமா பார்த்தார்கள், தூங்கினார்கள். இவன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பிரசங்கம் கேட்டான். கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்த பழைய சீர்திருத்த சபைகளின் பிரசங்கிகள், அமெரிக்காவிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் யார் யாரோ மணிக்கணக்கில் பேசினார்கள். யார் மீட்கப்படுவார் என்பதைத் தேவனே தெரிந்தெடுக்கிறார், மனிதன் கையில் ஒன்றுமில்லை, கிருபை முழுக்க முழுக்க அவருடையது. எபிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே பாவம் செய்துவிட்டேனோ என்று பயந்து பயந்து சாகிற பிள்ளை. அந்தப் போதனை அவனைத் தூங்க வைத்தது. அதற்காக நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

ஆனால் அவன் அதோடு நிற்கவில்லை. வேலையை விட்டான். இறையியல் கல்லூரியில் சேர்ந்து சபை வரலாறு படித்தான். வீட்டில் பீரோ இருந்த இடத்தில் புத்தக அலமாரி வந்தது. சாப்பிடும்போதுகூட ஜெனீவாவில் எந்த வருடம் யார் யாரை ஊரை விட்டுத் துரத்தினார்கள் என்று பேசுவான். அப்பா பாதி கேட்டும் கேளாமலும், “அப்புறம்?” என்பார்.

பிறகு சபையும் மாறினான். மல்லேஸ்வரத்தில் ஒரு சங்கீதப் பள்ளியின் மாடியை ஞாயிறுதோறும் வாடகைக்கு எடுத்துக் கூடுகிற சின்ன சபை. முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். நல்ல பிள்ளைகள். அவர்களுடைய கொள்கை ஒன்று: ஆராதனையில் வேதம் கட்டளையிட்டதை மட்டுமே செய்ய வேண்டும், கட்டளையிடாத எதையும் செய்யக்கூடாது. ஆகவே வாத்தியம் கிடையாது. மனிதர் எழுதிய பாட்டு கிடையாது. வேதத்தில் சங்கீதம் என்ற பெயரில் உள்ள பாடல்களை மட்டும், பழைய ஸ்காட்லாந்து மெட்டுகளில் தமிழை மடக்கி மடக்கித் திணித்துப் பாடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஹாலின் சுவர் ஓரம் முழுக்க வீணையும் மிருதங்கமும் தம்புராவும் உறை போட்டு நிற்கும். வாத்தியம் கூடாது என்று நாற்பது நிமிடம் பிரசங்கம் நடந்தால் அதை முதலில் கேட்பவை அந்த வாத்தியங்கள்தான்.

அப்பாவும் அம்மாவும் பழைய சபைப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். நான் சண்டை போட்டேன். “புள்ள எங்க கும்புடறானோ அங்கதான் நானும்” என்று அப்பா முடித்துவிட்டார். நான் கட்டிக்கொண்டு போன இடம் பழைய சபைக் குடும்பம் என்பதால் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒருமுறை அவர்களோடு மல்லேஸ்வரம் போனேன். அந்நிய மெட்டில் தாளம் பிடிபடாமல் அப்பாவின் விரல் தொடையில் தட்டுவதும் நிற்பதுமாக இருந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டும் நேரத்தில் ஒரு மிருதங்கத்தின் உறையை லேசாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி

அப்பா ஒரு விடியற்காலையில் போனார். வீட்டு ஹாலில் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா பெரிய தூக்கில் டீ போட்டுக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். தெருவே வந்து போனது.

பாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கெட்டவர் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் வந்தார். அப்பாவைத் தூக்கிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோயிருக்கிறார், முகம் சுளித்ததில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா அவரிடம்தான் கேட்டாள். “ஐயா, அடக்கத்துல அந்தக் கீர்த்தனைய பாடணும். பழைய சபைக்காரங்களும் வராங்க, அவங்க பாடிடுவாங்க. நீங்க சரின்னா போதும்.”

பாஸ்டர் அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். “அம்மா, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா அது மனுஷன் எழுதின பாட்டு. தேவன் கேக்காதத நாம அவருக்குக் குடுக்கக் கூடாதும்மா. இருபத்திமூணாம் சங்கீதம் பாடலாம். நான் ஜெபம் பண்றேன்.”

“தேவனுக்கு இல்லீங்கய்யா. இவருக்குத்தான். இவருதான் கேட்டாரு.”

“அதுதாம்மா பிரச்சனையே. மரிச்சவங்களுக்காக நாம ஒண்ணும் பண்ணக் கூடாது.”

அம்மா எபியைப் பார்த்தாள். அப்போதுதான் என் தம்பி வாயைத் திறந்தான். அம்மாவுக்காகத்தான் பேசினான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அம்மாவின் மகனாகப் பேசாமல், சபை வரலாறு படித்தவனாகப் பேசினான்.

“பாஸ்டர், ஒரு விஷயம். எந்த முன்னோர்கள வச்சு நாம பாட்டு வேணாங்கறோமோ, அவங்க அடக்கத்துல ஜெபமும் வேணாம்னவங்க. வேதம் வாசிக்கறது, பாடறது, ஜெபிக்கறது, குழிக்கரையில எதுவுமே கூடாது. மரியாதையா தூக்கிட்டுப் போய், பேசாம பொதைக்கணும். அவ்ளோதான். ஜெனீவாவுல சீர்திருத்தத்த நடத்தின தலைவரு தன் குழி மேல கல்லு கூட வைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நாம ஜெபம் பண்றோம், சங்கீதம் பாடறோம். அப்போ நாமளே அவங்களத் தாண்டிட்டோம். தாண்டினப்புறம் ஒரு கீர்த்தனைக்கு மட்டும் ஏன் கதவ சாத்தணும்?”

நல்ல வாதம். நான் கணக்கு டீச்சர். ஒரு நிரூபணம் ஒழுங்காக நிற்கிறதா என்று எனக்குத் தெரியும். உள்ளுக்குள் சபாஷ் என்றுகூட நினைத்தேன்.

பாஸ்டர் எழுந்து வெளியே போனார். படிக்கட்டில் நின்று சபை மூப்பர் ஒருவரோடு போனில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. எபியின் தோளில் கை வைத்தார்.

“பிரதர், நீங்க சொன்னது சரி. நாமதான் இத்தன நாளும் யோசிக்காம பண்ணிட்டு இருந்திருக்கோம். நம்ம வசதிக்கு ஒண்ண விட்டுட்டு ஒண்ண புடிச்சிக்கக் கூடாது. இனிமே நம்ம சபை அடக்கத்துல ஜெபமும் இல்ல, சங்கீதமும் இல்ல. உங்க அப்பாகிட்ட இருந்தே ஆரம்பிப்போம்.”

நான் எபியின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு நொடி, தான் சொன்னதைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்ட மாணவனின் சந்தோஷம் அந்த முகத்தில் வந்து போனதையும் நான் பார்த்தேன். அதை அவன் மறுக்கிறான். ஃபேக்ட் அதுதான், எபி.

கீர்த்தனை கேட்கப் போன அம்மாவுக்கு, கையில் இருந்த சங்கீதமும் போயிற்று, ஜெபமும் போயிற்று. கல்லாவது வைக்கலாமா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

“நீ பேசுடா” என்று எபியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“என்னக்கா பேசறது? நான் சொன்னதத்தான் அவரு சொல்றாரு. இப்ப இல்லன்னு சொன்னா அது நேர்மையா?”

“அப்பாவுக்கா, இல்ல உன் நேர்மைக்கா, யாருக்குடா அடக்கம்?”

வாசலில் லட்சுமி அக்கா யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். “ஒரு பாட்டும் இல்லியாமே? எங்காளுங்கள்ல தமட்ட மேளம் அடிப்பாங்க, பூ போடுவாங்க. நீங்க பாடுவீங்க, நான் எத்தன தபா கேட்டிருக்கேன். ஞானமுத்துண்ணன் பாடாத நாளு உண்டா?”

அம்மாவின் பிடி

பழைய சபைக்காரர்கள் கல்லறைக்கு வந்திருந்தார்கள். அப்பாவோடு முன் பெஞ்சில் பாடியவர்கள் ஏழெட்டுப் பேர், கையில் பாட்டுப் புத்தகத்தோடு. அந்த சபை ஐயரும் வந்திருந்தார். பெட்டியை இறக்குவதற்கு முன் அவரிடம் ஓடினேன்.

“நீங்களாவது ஒரு ஜெபம் பண்ணுங்கய்யா.”

“வேற சபை அடக்கத்துல நான் எப்படிம்மா? உங்கப்பா பேர அந்த சபைக்கு மாத்திட்டாரே. தப்பா ஆயிடும்.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு எல்லோரிடமும் ஆளுக்கொரு நியாயம் இருந்தது.

நீ பாடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பாடத்தான் போனேன். மாரியப்பாவின் ஆட்கள் கயிற்றைப் பெட்டிக்கு அடியில் கொடுத்தபோது மூச்சை இழுத்துவிட்டேன். முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைகிற மாதிரி பிடித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அந்த சபையில் அவனை உதவி ஊழியனாக அமர்த்துவதாக இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவன் தலை குனியக் கூடாது. அவளுக்குப் புருஷன் போய்விட்டார், பிள்ளை மிச்சம் இருந்தான். அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டி இறங்கியது. கயிறு மரத்தில் உரசுகிற சத்தம். மதிலுக்கு வெளியே ஆட்டோ ஹாரன். எவருடைய போனோ அதிர்ந்து அடங்கியது. பிறகு மண். அவரவர் ஒரு கைப்பிடி போட்டோம். ஈரமண் பெட்டி மேல் விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எல்லா அடக்கத்திலும் பாட்டுச் சத்தம் அதை மூடிவிடும். அன்றுதான் முழுதாகக் கேட்டேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஏழெட்டுப் பேரும் மூடிய புத்தகத்தை அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார்கள். பாஸ்டர் அம்மாவிடம் வந்து, “நம்ம விசுவாசத்துக்கு ரொம்ப சாட்சியான அடக்கம்மா” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அம்மா அரிசி களையும்போது வாய் திறப்பதில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் வரும்.

எபி கண்டுபிடித்தது

சில வருடம் ஓடிவிட்டது. எபி ஆராய்ச்சிப் படிப்பை முடித்தான். தலைப்பு என்ன தெரியுமா? சீர்திருத்த சபைகளில் அடக்கமுறையின் வரலாறு. அப்பாவின் குழியிலிருந்து அவனும் வெளியே வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்காக என் கோபம் தணிந்தது என்று சொல்ல மாட்டேன்.

போன ஈஸ்டர் முடிந்த சமயம், ஒரு சாயங்காலம் நான் அம்மா வீட்டில் இருந்தேன். எபியும் பாஸ்டரும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் நல்ல செய்தி கொண்டுவருகிறவர்களின் வெளிச்சம்.

“அம்மா, ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தோம்” என்று பாஸ்டர் ஆரம்பித்தார். “பிரதர் ரொம்ப ஆழமா படிச்சு எழுதியிருக்காரு. அந்த முன்னோர்கள் தடை பண்ணினதுக்குக் காரணம் வேற. அங்க ஜனங்க செத்தவங்க ஆத்துமாவுக்காக மந்திரம் மாதிரி ஜெபிச்சிட்டு இருந்தாங்க. அத நிறுத்தத்தான் அப்படிப் பண்ணாங்க. மத்த தேசத்து சீர்திருத்த சபைங்கள்ல அடக்கத்துல பாடியிருக்காங்க, பிரசங்கமே பண்ணியிருக்காங்க.”

எபி தொடர்ந்தான். “அது மட்டுமில்லம்மா. அடக்கம்ங்கறது ஆராதனையே இல்ல. குடும்பத்துக் காரியம். அதனால ஆராதனைச் சட்டம் அங்க வராது. குடும்பம் எத பாடணும்னு நெனைக்குதோ அத பாடலாம். கீர்த்தனையும் பாடலாம். சபையில தீர்மானம் பண்ணிட்டோம்.”

“நாங்க தப்பு பண்ணிட்டோம்மா” என்று பாஸ்டர் கை கூப்பினார். அன்றைக்கு அழுத மாதிரியே இன்றைக்கும் கண் கலங்கியிருந்தது. உண்மையில் நல்ல மனிதர். எந்தப் பக்கம் சரி என்று நிரூபித்தாலும் அந்தப் பக்கம் வந்துவிடுவார்.

குடும்பத்துக் காரியம் என்று கண்டுபிடிக்க இவர்களுக்கு இத்தனை தேசம் சுற்றிவர வேண்டியிருந்திருக்கிறது. நான் எதையோ கத்த வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டினாள். இந்த முறை பிடிக்கவில்லை, காட்டினாள், அவ்வளவுதான்.

“காபி ஆறுது, குடிங்க” என்றாள் இருவரிடமும். அவர்கள் குடித்தார்கள். டம்ளர்களை வாங்கிக் கீழே வைத்தாள்.

“சந்தோஷங்கய்யா. மத்தவங்களுக்குப் பாடுங்க. நம்ம சபையில வயசானவங்க இருக்காங்க, அவங்க வீட்டுல சந்தோஷப்படுவாங்க.” பிறகு எபியைப் பார்த்தாள். “எனக்குப் பாடாத.”

“அம்மா…”

“அவரு எப்படிப் போனாரோ அப்படியே என்னயும் அனுப்பு. பாட்டு வேணாம், ஜெபம் வேணாம். யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. அவரு பக்கத்துல வச்சு, மண்ணத் தள்ளிட்டு வந்துடு.”

“அம்மா, அது தப்புன்னுதானே நான் இத்தன வருஷம் படிச்சு…”

“நீ படிச்சது எனக்குத் தெரியும்டா. நல்லா படிச்ச.” அவன் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். “அவருக்கு இல்லாதது எனக்கு வேணாம். அங்க போனா, உனக்கு மட்டும் பாடினாங்களான்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது?”

குழிக்கரையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் தம்பி, அம்மா மடியில் முகத்தை வைத்து அழுதான். பாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார். ஜெபம் பண்ணலாமா என்று கேட்க நினைத்திருப்பார், கேட்கவில்லை.

“சத்தியம் பண்ணு” என்றாள் அம்மா.

அவன் தலையை நிமிர்த்தாமலே பண்ணினான். பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். நானும் பண்ணினேன்.